அடி வாங்குகிறவனைப் பாருங்கள்: மலிவு குங்ஃபூ படங்கள் பற்றிக் கேள்வி பதில்

கோடம்பாக்கத்தில் பதினெட்டு வருஷமாக சவுண்ட் எஃபெக்ட்ஸ் வேலை செய்கிறேன். அதற்கு முன்னால் எட்டு வருஷம் கராத்தே. குங்ஃபூ, நிஞ்ஜா, கிக் பாக்ஸிங், எது கிடைத்தாலும் பார்த்துவிடுவேன். இந்தப் படங்களைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்துவிட்டது. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

பெரம்பூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, கதை கிடையாது, ஹீரோ முகத்தில் ஒரு உணர்ச்சி கிடையாது, சுவரில் சாய்ந்தால் செட்டே ஆடுகிறது. இதை எப்படி உட்கார்ந்து பார்க்கிறீர்கள்?

நீங்கள் சொன்ன மூன்றும் உண்மைதான். அப்பாவைக் கொன்றவனைத் தேடும் மகன், இல்லையென்றால் குருவைக் கொன்றவனைத் தேடும் சீடன், இந்த இரண்டு கதையை வைத்தே எத்தனையோ படம் எடுத்துத் தள்ளிவிட்டார்கள். ஆனால் காசு இல்லாத இடத்தில் வேறொன்று நடக்கிறது. நாலைந்து கேமரா வைக்க வசதியில்லை, கிராஃபிக்ஸுக்கு வழியில்லை, பெரிய நடிகரைப் போட்டு டூப்பை வைத்து முகத்தை மறைத்து மறைத்து எடுக்க நாளும் இல்லை. அதனால் நிஜமாகவே உதைக்கத் தெரிந்த ஒருவனைக் கூட்டிவந்து, கேமராவைத் தள்ளி வைத்து, தலையிலிருந்து கால்வரை தெரிகிற மாதிரி எடுத்துவிடுகிறார்கள். அவனுக்கு வசனம் வராது, சரி. பதினைந்து வருஷம் அவன் படித்தது வேறு பாடம். ‘டேக்கன் 3’ பெரிய படம், அதில் ஹீரோ ஒரு வேலியை ஏறிக் குதிப்பதற்குள் பத்துக்கும் மேல் கட் விழுகிறது, அவர் குதித்தாரா என்றே நமக்குத் தெரியாது. 2011-ல் வந்த இந்தோனேசியப் படம் ‘தி ரெய்ட்’டுக்கு ஆன செலவு சுமார் 11 லட்சம் டாலர், ஹாலிவுட் கணக்கில் அது டீ செலவு. ஹீரோ ஈகோ உவைஸ் சினிமாவுக்கு வருவதற்கு முன் ஒரு தொலைபேசி கம்பெனியில் டிரைவர், சின்ன வயதிலிருந்து சிலாட் என்ற இந்தோனேசியத் தற்காப்புக் கலை கற்றவர். கதை ஒரு வரி: ஒரு கட்டடம், மேலே வில்லன், கீழே போலீஸ். அந்தத் தாழ்வாரத்துச் சண்டையில் அவர் கால் எங்கே ஊன்றுகிறது, தோள் எப்போது திரும்புகிறது, எல்லாமே தெரியும். நான் உட்கார்ந்து பார்ப்பது அதற்காகத்தான்.

மேற்கு மாம்பலம்: சார், ஒரு குத்துக்கு ஏன் கதவை அறைந்த மாதிரி சத்தம்? கையை வீசினாலே புயல் அடிக்கிறதே?

என் தொழில் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். நிஜமான குத்து ‘தொப்’ என்று ஒரு மந்தமான சத்தம்தான் போடும், தியேட்டரில் அது கடைசி வரிசைக்குப் போய்ச் சேராது. தவிர, ஷூட்டிங்கில் பெரும்பாலும் கை முகத்தில் படுவதே இல்லை, ஓர் அங்குலம் தள்ளித்தான் போகும். பட்டது என்று நம்மை நம்ப வைப்பது சத்தம். நாங்கள் மெல்லிய பிரம்பை மைக்குக்கு முன்னால் சுழற்றி வீச்சுச் சத்தம் எடுப்போம். பழைய தோல் பையில் துணியைத் திணித்து அடித்தால் வயிற்றில் விழும் குத்து கிடைக்கும். எலும்பு முறிய வேண்டுமானால் முருங்கைக்காயை ஈரத்துணியில் சுற்றி மைக் பக்கத்தில் முறிக்க வேண்டும். பிஞ்சுக் காய் வளையும், நார் பிடித்த முற்றல்தான் ‘மளுக்’ என்று போகும். ஒரு க்ளைமாக்ஸுக்காக கோயம்பேட்டில் இரண்டு கட்டு வாங்கி வந்து ராத்திரி இரண்டு மணிவரை முறித்துக்கொண்டிருந்தோம்.

சத்தம் பெரிதாக இருப்பதில் எனக்குக் குறையே இல்லை, பழைய ஹாங்காங் படங்களில் அது தாளம் மாதிரி. கன்னத்தில் விழுந்தாலும் விலாவில் விழுந்தாலும் ஒரே சத்தத்தை ஒட்டுகிறார்களே, அதுதான் பிடிக்காது. காசு இல்லாததற்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது சோம்பேறித்தனம்.

திருவல்லிக்கேணி: வாய் ஒரு பக்கம் போகுது, வசனம் ஒரு பக்கம் வருதே?

அந்தக் கால ஹாங்காங் படங்களைப் பெரும்பாலும் ஒலி இல்லாமல்தான் படம் பிடித்தார்கள். ஒரு நடிகர் காண்டனீஸ் பேசுவார், எதிரில் இருப்பவர் மாண்டரின் பேசுவார் (இரண்டும் வேறு வேறு சீன மொழி), எல்லாவற்றையும் பின்னால் டப்பிங்கில் சரி செய்தார்கள். ஆங்கில டப்பிங் பேசியதும் ஒரு சின்னக் கூட்டம், அதனால்தான் வேறு வேறு படத்தில் அதே குரல் கேட்கும். ஆட்கள் படபடவென்று நகர்வதற்குக் காரணம் கேமரா. நொடிக்கு 20 அல்லது 22 ஃப்ரேம் ஓடவிட்டு எடுத்ததை 24-ல் போட்டுக் காட்டினால் எல்லாமே வேகமாகிவிடும்.

ராயபுரம்: காலேஜ் படிக்கும்போது பர்மா பஜாரில் புரூஸ் லீ படம் என்று பத்து விசிடி வாங்கினேன். ஒன்றில்கூட புரூஸ் லீ இல்லை. இது என்ன மோசடி?

எனக்கும் இதே கதைதான், அட்டையில் அவர் முகம், உள்ளே வேறு ஆள். லீ 1973 ஜூலை 20-ல் இறந்தபோது வயது 32. அவர் ஹீரோவாக முழுதாக முடித்த குங்ஃபூ படங்கள் நாலே நாலு. ஊரெல்லாம் இன்னும் வேண்டும் என்று கேட்டது, தயாரிப்பாளர்கள் புரூஸ் லி, புரூஸ் லே, டிராகன் லீ என்று ஆட்களை இறக்கினார்கள். லீ பாதியில் விட்டுப்போன ‘கேம் ஆஃப் டெத்’தை 1978-ல் ஒப்பேற்றி வெளியிட்டபோது, ஒரு ஷாட்டில் கண்ணாடியில் அவர் முகத்து அட்டைப்படத்தையே ஒட்டி எடுத்திருக்கிறார்கள். இறந்தவருக்குச் செய்கிற மரியாதையா அது? இன்றைக்கும் அந்த இடம் வந்தால் எனக்கு மனசு கேட்காது.

காட்ஃப்ரே ஹோ என்ற இயக்குநர் இன்னும் ஒரு படி போனார். ஏதோ ஒரு ஆசியப் படத்தை மலிவாக வாங்கி, நடுநடுவே வெள்ளைக்காரர்களுக்கு நிஞ்ஜா உடை மாட்டி எடுத்த காட்சிகளைச் செருகி, டப்பிங்கில் இரண்டையும் ஒரே கதை மாதிரி கட்டிவிடுவார். இந்தக் கதை ஆளும் அந்தக் கதை ஆளும் டெலிபோனில் மட்டும்தான் பேசிக்கொள்வார்கள், ஏனென்றால் ஒரே ஃப்ரேமில் நிற்கவே முடியாது. இதைப் படமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் புரூஸ் லியாக வந்தவரைத் திட்டாதீர்கள். ஹோ சுங்-தாவ் என்ற தைவான்காரர், உடம்பு வளைகிற நல்ல வித்தைக்காரர். சொந்தப் பெயரிலேயே அவரை வளரவிட்டிருக்கலாம். ஏமாந்தது நீங்களும் நானும் மட்டுமில்லை, அவரும்தான்.

வியாசர்பாடி: பத்துப் பேர் சுற்றி நிற்கிறார்கள், ஏன் ஒவ்வொருத்தராக வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள்?

எல்லாரும் கேட்கிற கேள்வி. சண்டையும் ஒரு கூத்துதான். கூத்தில் துரியோதனன் ஆடும்போது மற்றவர்கள் ஓரமாக நிற்பதில்லையா? ஜாக்கி சான், சாமோ ஹங் எல்லாம் சின்னப் பையன்களாக பீக்கிங் ஓபரா என்கிற சீன மேடைக் கலைப் பள்ளியில் பல்டி அடித்து வளர்ந்தவர்கள், அந்த மேடைக் கணக்குதான் படத்துக்கும் வந்தது. இப்போது பின்னால் நிற்கும் ஃபைட்டரைக் கவனியுங்கள். மோசமான படத்தில் அவன் கையை ஆட்டிக்கொண்டு சும்மா துள்ளிக்கொண்டிருப்பான். நல்ல படத்தில் அவன் விழுந்த ஆளைத் தாண்டி வர வேண்டியிருக்கும், இடம் குறுகலாக இருக்கும், ஹீரோ ஒருவனை இன்னொருவன் மேல் தள்ளி வழியை அடைப்பான். உதை விழுவதற்குக் கால் நொடி முன்னால் அடி வாங்குகிறவன் மூச்சை இறுக்குவது தெரியும். அவன் சரியாக விழவில்லையென்றால் ஹீரோவின் உதைக்கு மதிப்பே இல்லை. பாதிச் சண்டையை நடத்துவது அவன்தான், டைட்டிலில் அவன் பெயர் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் ஓடும்.

அம்பத்தூரிலிருந்து ஒரு அம்மா: என் பையனுக்கு 11 வயது. இதைப் பார்த்துவிட்டுத் தண்ணீர்த் தொட்டி மேலிருந்து குதிக்கிறான்.

படத்தை நிறுத்தாதீர்கள் மா, தொட்டியிலிருந்து இறக்கிவிட்டு ஒரு வகுப்பில் சேருங்கள். கராத்தேயோ சிலம்பமோ, எதுவானாலும் சரி. உதைக்குமுன் விழக் கற்றுக்கொடுக்கிற மாஸ்டராகப் பாருங்கள். ஒரு மாதம் ஒழுங்காக விழுந்து எழுந்தால் உயரத்தின் மேல் பயமும் மரியாதையும் தானாக வந்துவிடும்.

வளசரவாக்கம்: அண்ணா, நாங்கள் ஏழு பேர், கையில் நாற்பதாயிரம் ரூபாய். ஷார்ட் ஃபிலிமில் ஒரு ஃபைட் வைக்கலாமா?

தாராளமாக. உகாண்டாவில் கம்பாலா பக்கத்தில் வகாலிகா என்ற ஏழைப் பகுதியில் நப்வானா என்பவர் அக்கம்பக்கத்து ஆட்களை வைத்தே 2010-ல் ‘ஹூ கில்ட் கேப்டன் அலெக்ஸ்’ எடுத்தார், 200 டாலருக்குள் முடித்ததாகச் சொல்கிறார்கள். துப்பாக்கி கூட அவர்களே செய்தது. உலகம் பூராவும் பார்த்தது.

உங்கள் ஏழு பேரில் நிஜமாக வித்தை தெரிந்தவன் யார்? அவனை ஹீரோவாக்குங்கள், முக அழகைப் பார்க்காதீர்கள். ட்ரோன் வாடகைக்குப் போகிற காசை ஒத்திகைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷச் சண்டைக்குப் பத்து நாள் பழகுங்கள். உயரமான இடம் வேண்டாம். வடபழனியில் ஸ்டண்ட் யூனியன் இருக்கிறது, அங்கே விசாரித்து அனுபவமுள்ள ஒரு ஃபைட்டரை ஒரு நாளாவது கூட வைத்துக்கொள்ளுங்கள். விழுகிற இடத்தில் மேட் (மெத்தை) இல்லாமல் ஒரு ஷாட்கூட எடுக்காதீர்கள்.

அடையாறு: ஆட்கள் நிஜமாக அடிபடுவதைப் பார்த்து ரசிப்பது தப்பில்லையா?

இந்தக் கேள்வி எனக்குள்ளும் இருக்கிறது. 2003-ல் தாய்லாந்துப் படம் ‘ஓங்-பாக்’ வந்தபோது ரோப் இல்லை, கிராஃபிக்ஸ் இல்லை என்பதையே விளம்பரமாகச் சொன்னார்கள், நானும் அதற்காகவே பார்த்தேன். ஆனால் ஒரு முழங்கால் தலையில் இறங்கும் இடத்தை மூன்று கோணத்தில் திரும்பத் திரும்பக் காட்டும்போது, அந்தத் தலைக்காரன் சாயந்திரம் எப்படி வீட்டுக்குப் போனான் என்று தோன்றத்தான் செய்கிறது. சின்னப் படத்தில் ஆம்புலன்ஸுக்கு எடுத்துவைக்கும் காசுதான் முதலில் வெட்டப்படும். காசு இருந்தால் மட்டும் போதும் என்றும் சொல்ல முடியவில்லை. 2025 ஜூலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் கார் ஸ்டண்ட் எடுக்கும்போது நம் ஸ்டண்ட் கலைஞர் ஒருவர் இறந்துபோனார். எனக்கு வித்தை வேண்டும், இரத்தம் வேண்டாம். படம் முடிந்ததும் அடிபட்ட காட்சிகளைப் பெருமையாக ஓடவிடுவார்களே, இப்போதெல்லாம் அதை நான் பார்ப்பதில்லை.

நங்கநல்லூர்: இதுவரை ஒன்றும் பார்த்ததில்லை. எதில் ஆரம்பிக்கலாம்?

1978-ல் வந்த ‘தேர்ட்டி சிக்ஸ்த் சேம்பர் ஆஃப் ஷாவோலின்’. எடுத்தது ஷா பிரதர்ஸ் என்ற பெரிய ஹாங்காங் ஸ்டூடியோ, அதனால் ரொம்ப மலிவு என்று சொல்ல முடியாது, ஆனால் பயிற்சி என்றால் என்ன என்பதை இதைவிடப் பொறுமையாகக் காட்டிய படம் எனக்குத் தெரிந்து இல்லை. ரஜினியின் ‘பாயும் புலி’ பார்த்தவர்களுக்குச் சில இடங்கள் பழகின மாதிரி இருக்கும். அடுத்து ‘தி ரெய்ட்’, ராத்திரி சாப்பிட்ட உடனே வேண்டாம். ஒரு சண்டையை இரண்டு முறை போட்டுப் பாருங்கள், முதல் தடவை ஹீரோவை, இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டு விழுகிறவர்களை மட்டும்.