ஆல்-இன்-ஒன் கணினியில் ப்ராசஸரை மாற்றலாமா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

திரைக்குப் பின்னாலேயே மொத்தக் கணினியும் அடங்கியிருக்கும் ஆல்-இன்-ஒன்னை வாங்கியவர்கள், நாலைந்து வருடம் போனதும் கேட்பது ஒன்றுதான்: "ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ள முடியாதா?" இந்த வகைக் கணினிகளைப் பல வருடமாகப் பிரித்து மாட்டிக்கொண்டிருப்பவன் நான். சிலருக்கு முடியும், பலருக்கு முடியாது. உங்களுடையது எந்தப் பக்கம் என்பது தெரியும் முன்பே யாரும் பணத்தைக் கொடுத்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

சார், 2020இல் வாங்கிய ஆல்-இன்-ஒன். ஐ3-1005ஜி1 ப்ராசஸர். டாஸ்க் மேனேஜரில் 'சாக்கெட்ஸ்: 1' என்று காட்டுகிறது. சாக்கெட் இருக்கிறதென்றால் கழற்றிவிட்டு ஐ7 போடலாம்தானே? (பள்ளி ஆசிரியை)

போட முடியாது, டீச்சர். அந்த ஒரு வரியை நம்பி ஐ7 வாங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே எத்தனை ப்ராசஸர் இருக்கிறது என்பதைத்தான் டாஸ்க் மேனேஜர் அங்கே சொல்கிறது. அது கழற்றக்கூடியதா என்பதை அது சொல்வதே இல்லை. மதர்போர்டோடு பற்றவைத்து ஒட்டிய, அதாவது சால்டர் செய்த ப்ராசஸருக்கும் அதே 'சாக்கெட்ஸ்: 1'தான்.

உங்களுடையது 15 வாட் லேப்டாப் ப்ராசஸர். ஆல்-இன்-ஒன் மெல்லியதாகவும் சத்தம் இல்லாமலும் இருக்க வேண்டும் என்பதற்காக, வீட்டு உபயோக மாடல்கள் பெரும்பாலானவற்றில் லேப்டாப் போர்டைத்தான் வைக்கிறார்கள். பெயரின் கடைசியில் யு இருந்தாலோ, உங்களுடையது போல ஜி1, ஜி4, ஜி7 என்று முடிந்தாலோ அது சால்டர் செய்ததுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். டி, எஸ், கே என்று முடிந்தாலோ, எழுத்தே இல்லாமல் ஐ5-6500 போல எண்ணோடு நின்றாலோ அது டெஸ்க்டாப் வகை, சாக்கெட்டில் உட்கார்ந்திருக்கும். 2014 வாக்கில் வந்த சில மாடல்களில் எம் என்று முடியும் லேப்டாப் ப்ராசஸர் சாக்கெட்டிலேயே வரும். ஐ5-4200எம் அப்படி ஒன்று.

உறுதி செய்ய சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டு 'பேக்கேஜ்' வரியைப் பாருங்கள். எல்ஜிஏ என்று இருந்தால் கழற்றலாம். பிஜிஏ என்பதில் கவனம் வேண்டும், ஆங்கில எழுத்தைப் பாருங்கள்: எம் வகைக்கு வரும் PGA என்றால் கழற்றலாம், BGA என்றால் சால்டர் செய்தது. சந்தேகம் இருந்தால் இன்டெல் தளத்தில் உங்கள் ப்ராசஸர் எண்ணைத் தட்டி, இரண்டில் எது என்று பார்த்துவிடுவது நல்லது.

அதே டீச்சர்: சால்டர் என்றால் எடுத்துவிட்டு வேறு வைத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறாரே?

சூடான காற்றில் சிப்பைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் பதிக்கும் இயந்திரம் உண்டு. அந்த வேலை தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் அதே போர்டு ஐ7 வைத்தும் விற்கப்பட்டிருக்க வேண்டும், கணினியை எழுப்பும் மென்பொருளான பயாஸ் அதை ஏற்க வேண்டும், மின்சாரம் கொடுக்கும் பகுதி தாங்க வேண்டும், போர்டு அந்தச் சூட்டில் வளையாமல் இருக்க வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ஓடிக்கொண்டிருந்த கணினியும் போய்விடும். வேண்டாம் டீச்சர். அடுத்த பதிலைப் படியுங்கள், உங்களுக்கும் அதுதான் மருந்து.

கடைக் கணக்கு, பில், கொஞ்சம் இணையம். இதற்கே என் கணினி ஆன் ஆக ஐந்து நிமிடம் எடுக்கிறது. ப்ராசஸரைத்தான் மாற்ற வேண்டும் என்கிறார்கள். (மளிகைக் கடைக்காரர்)

அண்ணாச்சி, கணினி திணறும்போது டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். டிஸ்க் 100 சதவீதத்திலும் சிபியு (அதுதான் ப்ராசஸர்) 20, 30லும் நின்றால் ப்ராசஸர் மீது பழி போடக் கூடாது. அது சும்மா காத்துக்கொண்டிருக்கிறது. ஆல்-இன்-ஒன்களில் நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் சின்ன ஹார்ட் டிஸ்க்தான் அதிகம் வந்தது. அது கோப்பைத் தொடர்ச்சியாகப் படித்தால் நொடிக்கு 100 எம்பி சொச்சம் தரும். சுழலும் தட்டே இல்லாத சாதாரண சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பிக்கு மேல் தரும். விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்க வேண்டும். அந்த இடத்தில் வித்தியாசம் ஐந்து மடங்கோடு நிற்காது, மலைக்கும் மடுவுக்கும் உள்ளது.

எஸ்எஸ்டி போடுங்கள். 4 ஜிபி ரேம் இருந்தால் 8 ஆக்குங்கள். ஒரே குச்சியாக இருந்தால் அதே அளவில் இன்னொன்று சேர்த்து ஜோடியாக்குங்கள். உள்ளே தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத கணினிக்கு ஜோடி ரேம் நன்றாகவே கைகொடுக்கும். இந்த இரண்டும் செய்த பிறகும் மெதுவாக இருந்தால் ப்ராசஸரைப் பற்றிப் பேசுவோம்.

அண்ணா, என்னிடம் ஐ3-6100டி உள்ள ஆல்-இன்-ஒன். சாக்கெட் எல்ஜிஏ 1151. ஐ7-8700டியும் 1151தான். ஆறு கோர். வாங்கிவிடட்டுமா? (பொறியியல் மாணவர்)

வாங்காதே தம்பி! சாக்கெட்டில் உள்ள ஊசிகளின் (பின்கள்) எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் எந்த ஊசி எதற்கு என்பதை மாற்றிவிட்டார்கள். 2015இல் வந்த 6ஆம் தலைமுறையும் (உன் 6100டி) அதையடுத்த 7ஆம் தலைமுறையும் 100, 200 வரிசை சிப்செட்டில், அதாவது போர்டில் உள்ள துணைச் சிப்பில் ஓடும். 2017 அக்டோபரில் வந்த 8ஆம் தலைமுறைக்கு (நீ கேட்ட 8700டி) 300 வரிசை வேண்டும். உன் போர்டில் அது உட்காரும், உயிர் வராது.

உனக்கு ஏற்றது ஐ7-6700டி. உன்னுடையதில் இரண்டு கோர் (வேலை செய்யும் பிரிவு), நான்கு த்ரெட் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசை). இதில் நான்கு கோர், எட்டு த்ரெட். இரண்டுமே 35 வாட். அதனால் விசிறியையும் அடாப்டரையும் தொட வேண்டாம். 7700டி போட வேண்டுமென்றால் உன் போர்டுக்கு 7ஆம் தலைமுறையை ஏற்கும் பயாஸ் வந்திருக்க வேண்டும். பழைய ப்ராசஸர் இருக்கும்போதே அதை ஏற்றிவிட வேண்டும்.

எதிர்பார்ப்பை மட்டும் சரியாக வைத்துக்கொள். வீடியோ எடிட்டிங், கோட் கம்பைல், இரண்டு மூன்று வேலைகளை ஒன்றாக ஓட்டுவது ஆகியவற்றில் வேகம் தெரியும். ஆனால் உன் ஐ3 எப்போதும் 3.2 கிகாஹெர்ட்ஸில் ஓடுவது. 6700டி ஒரு கோரில் அதிகபட்சம் 3.6 தொடும். பிரௌசரில் ஒரு பக்கம் திறக்கும் வேகத்தில் பெரிய மாற்றம் இருக்காது.

டி வகை விலை அதிகம், கிடைப்பதும் கஷ்டம். 65 வாட் ப்ராசஸரையே போட்டால் என்ன? (டிடிபி சென்டர் நடத்துபவர்)

இதை நானே செய்து பார்த்துப் பாடம் கற்றேன். ஐ3-4130டி இருந்த ஒரு ஆல்-இன்-ஒன்னில் ஐ7-4790எஸ் போட்டேன். முதல்நாள் பறந்தது. அந்த வாடிக்கையாளர் ஒரு திருமண வீடியோவை எக்ஸ்போர்ட் போட்டதும் சூடு 90 டிகிரியைத் தாண்டி, ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துவிட்டது. விசிறி இரைச்சலில் பக்கத்தில் உட்கார முடியவில்லை. கடைசியில் என் செலவில் 35 வாட் ஐ7-4785டியை வாங்கிப் போட்டேன். பெயரளவில் அது மெதுவானது. ஆனால் அரை மணி நேர வேலையை அதுதான் சீக்கிரம் முடித்தது.

ப்ராசஸரின் சூட்டை இழுக்கும் சிறிய உலோக ஹீட்சிங்க், ஒரே விசிறி, மேலே திரையின் சூடு: இதுதான் ஆல்-இன்-ஒன்னின் உள்வீடு. உங்கள் மாடல் தொழிற்சாலையிலிருந்தே 65 வாட் ப்ராசஸரோடும் விற்கப்பட்டதா என்று தயாரிப்பாளரின் சர்வீஸ் கையேட்டில் பாருங்கள். அப்படி விற்றிருந்தால் ஹீட்சிங்க் ஒன்றேதானா என்று பார்க்க வேண்டும். சில மாடல்களில் 35 வாட்டுக்கு ஒன்று, 65 வாட்டுக்கு வேறொன்று. பாக எண் வேறாக இருக்கும்.

அடாப்டரையும் திருப்பிப் பாருங்கள். 19.5 வோல்ட், 4.62 ஆம்பியர் என்றால் பெருக்கினால் 90 வாட். 7.7 ஆம்பியர் என்றால் 150 வாட். 90 வாட்டில் திரை, டிஸ்க், யுஎஸ்பியில் செருகியவை எல்லாம் ஓட வேண்டும். ப்ராசஸரும் சிறிது நேரம் வேகம் கூட்டும் டர்போவில் ஏறும்போது எழுதியிருக்கும் வாட்டைத் தாண்டி இழுக்கும். நல்ல வேலை நடுவே கணினி பட்டென்று அணைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான்.

சரி, எல்லாம் பொருந்துகிறது. நானே மாற்ற வேண்டும். எங்கே தவறு நடக்கும்? (வங்கி ஊழியர்)

பயாஸிலிருந்து ஆரம்பியுங்கள். ப்ராசஸரை மாற்றிய பிறகு பயாஸ் ஏற்ற நினைத்தால் திரையே வராது. அதே சமயம் விண்டோஸில் டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டிருந்தால் அதைத் தற்காலிகமாக நிறுத்திவிட்டு, ரெகவரி கீயைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். பல ஏஎம்டி கணினிகளில் அந்தப் பூட்டின் சாவியைக் காக்கும் டிபிஎம் ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும். அதை மாற்றினால் கீயைக் கேட்காமல் விடாது.

மேசையில் மெத்தென்ற போர்வை விரித்துத் திரையைக் கவிழ்த்து வையுங்கள். பவர் வயரை எடுத்துவிட்டு ஆன் பட்டனைச் சில விநாடி அழுத்தினால் மிச்ச மின்சாரம் வடியும். ஒவ்வொரு ஸ்க்ரூ கழற்றும் முன்பும் போனில் ஒரு படம். பின்மூடியின் கிளிப்புகளுக்கு இரும்பு ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், பழைய ஏடிஎம் கார்டு போதும். அவசரப்பட்டு நெம்பினால் உடைவது திரைப் பேனல்தான், அதன் விலை ப்ராசஸரைவிட அதிகம்.

ஹீட்சிங்க் ஸ்க்ரூக்களின் பக்கத்தில் 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருப்பார்கள். அந்த வரிசையிலேயே ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும், மாட்டும்போதும் அப்படியே. ப்ராசஸருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே பூசிய பழைய பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தால் மேல்நோக்கி இழுக்காமல் லேசாக இப்படியும் அப்படியும் திருகுங்கள். பிரிக்கும் முன் பத்து நிமிடம் கணினியை ஓடவிட்டால் பேஸ்ட் இளகும்.

சாக்கெட்தான் உயிர் நிலை. எல்ஜிஏவில் பின்கள் ப்ராசஸரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. தலைமுடி போல மெல்லியவை. விரல் படக் கூடாது, துணி படக் கூடாது. மூலையில் உள்ள தங்க முக்கோணத்தையும் ஓரத்து வெட்டுகளையும் பொருத்தி, நேராக மேலிருந்து வைத்தால் தானாக உட்காரும். அழுத்தவே வேண்டாம். லீவரை மூடும்போதுதான் கொஞ்சம் பலம் தேவைப்படும், ஒரு நறநற சத்தமும் வரும். அதற்குப் பயப்படாதீர்கள்.

பழைய பேஸ்டை ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்டுச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு துவரம்பருப்பு அளவு புதிய பேஸ்ட். விசிறி வயரைச் செருக மறக்காதீர்கள். முதல்முறை ஆன் செய்யும்போது திரை வரத் தாமதமாகலாம், தானே ஒருமுறை அணைந்து எழலாம். பொறுமையாக இருங்கள். வந்த பிறகு அரை மணி நேரம் கனமான வேலை கொடுத்து, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் சூட்டைப் பாருங்கள். 80 டிகிரிக்குள் நின்றால் நிம்மதியாகத் தூங்கலாம்.

செகண்ட் ஹேண்ட் ப்ராசஸர் வாங்கலாமா? (பெயர் சொல்லாதவர்)

தாராளமாக. பழைய சாக்கெட்டுகளுக்குப் புதிது தேடினாலும் கிடைக்காது. சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் ஓட்டிப் பார்த்தே வாங்கலாம். ப்ராசஸர் எளிதில் கெட்டுப்போகும் பொருள் அல்ல. பின்பக்கத் தங்கப் புள்ளிகளில் கருகல் இருக்கிறதா என்று பாருங்கள். மேலே மாடல் எண்ணுக்குப் பதில் 'இன்டெல் கான்ஃபிடென்ஷியல்' என்று பொறித்திருந்தால் அது சோதனைக்காகச் செய்த மாதிரி. விலை குறைவு என்று அதை எடுக்காதீர்கள், பிராண்டட் போர்டுகளின் பயாஸ் அதை ஏற்காமல் போக வாய்ப்பு அதிகம்.

4ஆம் தலைமுறை ஐ3. ஐ7 போட்டால் விண்டோஸ் 11 வருமா? (ஓய்வுபெற்ற அஞ்சல் ஊழியர்)

வராது ஐயா. இன்டெல்லில் 8ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தியவையும்தான் மைக்ரோசாஃப்டின் பட்டியலில் இருக்கின்றன. 7இல் சில விதிவிலக்குகள் உண்டு. உங்கள் எல்ஜிஏ 1150 சாக்கெட்டில் 8ஆம் தலைமுறை உட்காரவே உட்காராது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11க்காக மட்டும் ஐ7 வாங்குவது உங்கள் ஓய்வூதியப் பணத்தை வீணாக்குவது. எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மிண்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவித் தரச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேச, செய்தி படிக்க, பாட்டுக் கேட்க அது நன்றாகவே போதும்.

2017 ஐமேக், 27 அங்குலம், ஐ5. ஐ7-7700கே போட முடியும் என்று படித்தேன். (புகைப்படக்காரர்)

முடியும். அந்த மாடலை ஆப்பிளே 7700கேயோடும் விற்றது, சாக்கெட்டும் இருக்கிறது. ஆனால் கண்ணாடி பிசின் பட்டையால் ஒட்டப்பட்டது. அதை அறுத்துத் தூக்க வேண்டும், மூடும்போது புதுப் பட்டை ஒட்ட வேண்டும். ப்ராசஸர் போர்டின் பின்பக்கம் இருப்பதால் போர்டையே முழுதாக வெளியே எடுக்க வேண்டும். பவர் சப்ளையும் திறந்தபடி உள்ளேயே இருக்கிறது. வயரை எடுத்த பிறகும் அதன் கெபாசிட்டரில் ஷாக் அடிக்கும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். முதல் அனுபவமாக இதைச் செய்ய வேண்டாம், ஏற்கெனவே ஐமேக் திறந்தவரிடம் கொடுங்கள். கே இல்லாத 7700 போட்டால் 91 வாட்டுக்குப் பதில் 65 வாட், சூடும் சத்தமும் குறையும்.

ரேமுக்கு மட்டும் பின்னால் தனிக் கதவு இருக்கிறது. அதற்குக் கண்ணாடியைத் தொட வேண்டியதில்லை. புகைப்பட வேலைக்கு முதலில் அதை நிரப்பிப் பாருங்கள். 2021இல் வந்த 24 அங்குல எம்1 ஐமேக் வைத்திருப்பவர்கள் இந்தப் பேச்சையே மறந்துவிடலாம், அதில் ரேமும் சிப்போடு சேர்ந்தே வருகிறது.

ப்ராசஸரும் மாறாது, போர்டும் போய்விட்டது. திரை பளிச்சென்று இருக்கிறது. தூக்கிப்போட மனமில்லை. (இல்லத்தரசி)

தூக்கிப்போடாதீர்கள் அம்மா. பக்கவாட்டில் எச்டிஎம்ஐ துளை இருந்தால் அது 'இன்'னா 'அவுட்'டா என்று பாருங்கள். 'இன்' இருக்கும் சில மாடல்கள் போர்டு நன்றாக இருக்கும்வரை சும்மா மானிட்டராகவும் வேலை செய்யும். உங்கள் போர்டு போய்விட்டதால் வேறு வழி: பின்மூடியைத் திறந்து பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணுக்குப் பொருந்தும் கன்ட்ரோலர் போர்டு தனியாக விற்கிறார்கள். அதைப் பொருத்தினால் எச்டிஎம்ஐ உள்ள எந்தக் கணினியையும் அந்தத் திரையில் ஓட்டலாம். எண்ணை எழுதி அனுப்புங்கள், எந்த போர்டு பொருந்தும் என்று நான் பார்த்துச் சொல்கிறேன்.