கணினியில் கஸ்டம் வாட்டர் கூலிங்குக்குக் (நாமே பாகம் சேர்த்துத் தண்ணீரால் குளிர்விப்பது) கேஸ் தேர்வு: கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, "360 ரேடியேட்டர் போகும்"னு கேஸ் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கு. நம்பி வாங்கலாமா?

பதில்: ரேடியேட்டர் என்பது தண்ணீரின் சூட்டை ஃபேன் காற்றில் இறக்கும் பகுதி. அந்த 360 மூன்று 120 மி.மீ. ஃபேன்களின் கணக்கு மட்டும்தான். இரு முனையிலும் தண்ணீர் நிற்கும் பகுதியைச் சேர்த்தால் ரேடியேட்டரின் நீளம் 400 மி.மீ.க்குப் பக்கத்தில் வரும். ஃபிட்டிங்குக்கும் (ட்யூப் மாட்டும் இணைப்பு) ட்யூப் வளைவதற்கும் இடம் தனி. தடிமனையும் கூட்டுங்கள்: ரேடியேட்டர் 30, ஃபேன் 25, ஆக 55 மி.மீ. மேல்தட்டில் மாட்டுவதென்றால், அங்கிருந்து மதர்போர்டின் மேல் விளிம்பு வரை எவ்வளவு என்று கையேட்டில் பாருங்கள். 55க்குக் குறைந்தால் முதலில் சிபியு மின் கனெக்டரும் விஆர்எம் (சிபியுவுக்கு மின்சாரத்தைச் சீராக்கும் பகுதி) ஹீட்சிங்க்கும் இடிக்கும், அடுத்து உயரமான ரேம். ஃபேன் துளைகள் கண்ணாடிப் பக்கம் தள்ளியிருக்கும் கேஸில் மட்டும் கொஞ்சம் தப்பிக்கலாம். அளந்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஃபிராக்டல் டோரன்ட் எப்படி? காற்றோட்டம் பிரமாதம்ங்கிறாங்க.

பதில்: காற்றோட்டம் உண்மைதான். ஆனால் அதில் பவர் சப்ளை மேலே உட்காருவதால் மேல்தட்டில் ரேடியேட்டருக்கு வழியில்லை. பெரிய ரேடியேட்டருக்கு முன்பக்கம், அடித்தட்டு இரண்டுதான். இரண்டையும் நிரப்பினால் பம்ப் எங்கே உட்காரும் என்பதை வாங்கும் முன் முடிவு செய்யுங்கள்.

கேள்வி: ஆர்டிஎக்ஸ் 4090, ரைசன் 7800எக்ஸ்3டி. 60 மி.மீ. தடிமனில் ஒரே ஒரு 360 போதாதா?

பதில்: கிராஃபிக்ஸ் கார்டு 450 வாட், சிபியு 120. நூறு வாட்டுக்கு ரேடியேட்டரில் ஒரு 120 ஃபேன் அகலம் என்பது நடைமுறைக் கணக்கு. உங்களுக்கு ஆறு வேண்டும், அதாவது இரண்டு 360. தடிமனை இரட்டிப்பாக்கினால் குளிர்ச்சி இரட்டிப்பாகாது. முன்பாதியைக் கடக்கும்போதே காற்று சூடாகிவிடும்; பின்பாதியில் தண்ணீருக்கும் காற்றுக்கும் வெப்ப வித்தியாசம் சுருங்கிவிடும்.

கேள்வி (இன்னொருவர்): ஒத்துக்க மாட்டேன். புஷ்-புல் போட்டா, அதாவது ரெண்டு பக்கமும் ஃபேன் வச்சா, 60 நல்லாவே வேலை செய்யும்.

பதில்: 60, இரண்டு பக்கமும் 25, ஆக 110 மி.மீ. கார்டின் நீளம் போக முன்பக்கத்தில் அவ்வளவு மிஞ்சும் கேஸ்கள் குறைவு.

கேள்வி (அவரே): ஃபேனை நிமிஷத்துக்கு 2000 சுற்றில் விட்டா?

பதில்: அப்போது 60க்கு நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இவ்வளவு செலவு செய்வது 1000 சுற்றில் சத்தமில்லாமல் ஓடத்தானே? அந்த வேகத்தில் இரண்டு மெல்லிய ரேடியேட்டர்களே ஜெயிக்கும். அதனால்தான் கேஸில் தடிமனைவிட எத்தனை இடத்தில் மாட்டலாம் என்பதைப் பார்க்கச் சொல்கிறேன். லியான் லி ஓ11 டைனமிக்கில் மேல், பக்கம், அடி என மூன்று இடம். பக்கத்தை டிஸ்ட்ரோ பிளேட்டுக்கு (தண்ணீரைப் பாகங்களுக்குப் பிரித்தனுப்பும் பலகை) விட்டாலும் இரண்டு 360 மிஞ்சும்.

கேள்வி: என் கேஸில் 360 போகுமா?

பதில்: முதல் பதில். டேப் எடுத்து அளந்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: எந்த கார்டு வாங்கலாம்?

பதில்: அது தனி விவாதம். எதை வாங்கினாலும் வாட்டர் பிளாக்கின் (சிப்பின் மேல் உட்கார்ந்து சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் பகுதி) ஃபிட்டிங் கண்ணாடியில் இடிக்குமா என்று பாருங்கள்.

கேள்வி: அலுமினிய ரேடியேட்டர் ஒன்று கேஸில் கச்சிதமா பொருந்துது, விலையும் பாதி.

பதில்: வேண்டாம். பிளாக் செம்பு என்றால் ஒரே தண்ணீரில் அலுமினியம் அரித்துப்போகும். தடுப்புக் கூலன்ட் அதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

கேள்வி: 420 (மூன்று 140 மி.மீ. ஃபேன்) போகுமா அண்ணா?

பதில்: தம்பி, டேப்.

கேள்வி: வடிகால் எங்கே வைப்பது?

பதில்: லூப்பின் (தண்ணீர் சுற்றும் பாதை) மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு டி-ஃபிட்டிங், அதில் பால் வால்வு (ball valve, திறந்து மூடும் அடைப்பான்). வால்வுக்குக் கீழே ட்யூப் மாட்டக் கை நுழையுமா என்று கேஸ் வாங்கும்போதே பாருங்கள். வடிக்கும்போது மேலே ரிசர்வாயர் மூடியைத் திறந்து வையுங்கள். காற்று உள்ளே போகாவிட்டால் தண்ணீர் பாதியில் நின்றுவிடும்.