லைன்மேன் ரேடியோ டிஜிட்டலுக்கு மாறும்போது: கேள்வி பதில்

அமெரிக்க மின் நிறுவனங்கள் அனலாக் வாக்கி டாக்கிகளை டிஜிட்டலுக்கு மாற்றுவது பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கேள்வி: 2013-க்குப் பிறகு அங்கே அனலாக் ரேடியோ வைத்திருப்பதே சட்டவிரோதமாமே?

இல்லை. அந்த ஆண்டு ஜனவரி 1-க்குள் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி கேட்டது, 25 கிலோஹெர்ட்ஸ் அகலச் சேனல்களை 12.5-ஆகச் சுருக்கச் சொல்லித்தான். சுருங்கிய சேனலில் அனலாக் இன்றும் செல்லும். ஆனால் சுருக்கியதும் ஒலித்தரமும் எட்டும் தூரமும் குறைந்தன. எப்படியும் செலவு செய்கிறோம், டிஜிட்டலாகவே வாங்குவோம் என்று பலர் முடிவெடுக்க அதுவும் ஒரு காரணம்.

கேள்வி: டிஎம்ஆர் என்ற டிஜிட்டல் ரேடியோ முறையில் ஒரே சேனலில் இரண்டு பேச்சு ஓடுமாமே?

ரிப்பீட்டர் (செட்டின் அலையை வாங்கி வலுவாகத் திருப்பி அனுப்பும் கருவி) வழியாக ஓடும். நேரத்தை 30 மில்லிவினாடித் துண்டுகளாக வெட்டி, இரண்டு குழுவுக்கும் மாறி மாறிக் கொடுக்கிறது. புது அலைவரிசை உரிமம் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருக்கும் ஊர்களில் இது பெரிய லாபம். பேசும்போது செட் பாதி நேரம்தான் அலை அனுப்புவதால் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும்.

கேள்வி: பழைய செட்டில் இரைச்சலோடாவது கேட்டது. புதியதில் குரல் சட்டென்று அறுந்துபோகிறதே?

அதன் சுபாவமே அதுதான். அனலாக்கில் டவரை விட்டு விலக விலக இரைச்சல் ஏறும். அனுபவமுள்ள லைன்மேன் அதைக் கேட்டே இரண்டடி தள்ளி நின்று பேசுவார். டிஜிட்டலில் பிழை திருத்தம் கடைசி வரை குரலைத் தெளிவாகக் காட்டும். திருத்த முடியாத அளவுக்குப் பிழை ஏறியதும் குரல் கொரகொரத்து நின்றுவிடும். முன்னெச்சரிக்கை கிடையாது. அதனால் விற்பவர் தரும் கவரேஜ் வரைபடத்தை நம்பி கையெழுத்துப் போடாதீர்கள். வண்டியில் ஊரெல்லாம் சுற்றி, துணைமின் நிலையத்துக்குள்ளும் மலைச்சரிவுக்குப் பின்னாலும் நின்று பேசிப் பாருங்கள். ஜெனரேட்டர் பக்கத்திலும்தான். குரலைச் சுருக்கும் வோகோடர் மனிதப் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. எந்திரச் சத்தம் கலந்தால் குழம்பும்.

கேள்வி: ஒரே நாளில் மாற்றிவிடலாமா?

வேண்டாம். இரண்டு முறையிலும் பேசும் செட்களை முதலில் எல்லோருக்கும் கொடுத்துவிட்டு, அப்புறம் வட்டம் வட்டமாக மாற்றுங்கள். இரண்டையும் ஏற்கும் ரிப்பீட்டரும் உண்டு. ஆனால் ஓர் அனலாக் பேச்சு ஓடும்போது டிஜிட்டலின் இரண்டு துண்டும் போச்சு. கடலோர நிறுவனமாக இருந்தால் ஜூன் முதல் நவம்பர் வரையிலான புயல் காலத்தில் இதில் கை வைக்காதீர்கள்.

கேள்வி: எல்லோரிடமும் செல்போன் இருக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு?

செல்போன் டவருக்கும் கரண்ட் வேண்டும். புயலில் பல நாள் கரண்ட் போனால் டவர் பேட்டரி தீர்ந்துவிடும். கரண்டைத் திரும்பக் கொடுக்க வேண்டியவர்கள் பேச வழியில்லாமல் நிற்பார்கள். சொந்த ரிப்பீட்டர் என்றால் ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது நம் கையில். இன்னொன்று: புயலுக்கு உதவ வெளிமாநிலக் குழுக்கள் வரும். அவர்களிடம் பி25, என்எக்ஸ்டிஎன் போன்ற வேறு டிஜிட்டல் முறை இருக்கலாம். டிஎம்ஆரோடு நேரடியாகப் பேசாது. ஓர் அனலாக் சேனலை மட்டும் விட்டுவையுங்கள், அலைவரிசை ஒத்துப்போகிறவர்களோடு அதிலாவது பேசலாம்.