எந்தப் பஞ்சாங்கம் சரி?

கேள்வி: ஒவ்வொரு சித்திரையிலும் வாக்கியப் பஞ்சாங்கம் ஒரு நேரம், திருக்கணிதப் பஞ்சாங்கம் இன்னொரு நேரம் என்று இரண்டு புத்தாண்டு பிறக்கிறது. நம் முன்னோர் கணித்ததில் பிழையே கிடையாது. சூரியன் நேர் உச்சிக்கு வரும் நாளையே சித்திரை முதல் நாளாக வைத்தார்கள். இடையில் வந்து திருத்தியவர்களால்தான் இந்தக் குழப்பம். வெள்ளைக்காரனின் காலண்டரை விட்டுவிட்டு நம் கணக்குக்கு நாம் திரும்புவது எப்போது?
— வாசகர், வெள்ளவத்தை

பதில்: உச்சிச் சூரியனிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதை நீங்களே பார்த்துவிடலாம். ஏப்ரல் 7ஆம் திகதியளவில் காலிமுகத்திடலில் ஒரு கம்பை நிமிர்த்தி நாட்டுங்கள். மணி 12 அடிக்கும்போது அடியில் மேற்குப் பக்கமாக ஒரு சிறு துண்டு நிழல் கிடக்கும். 12.12 அளவில் அதுவும் ஒடுங்கிக் கம்புக்கு நிழலே இல்லாமல் போகும். கொழும்பின் உச்சி வெயில் அதுதான். சித்திரை பிறக்க இன்னும் ஒரு வாரம் இருக்கும். சூரியன் வடக்கே நகர்ந்துகொண்டே போய் 14ஆம் திகதியளவில் கிளிநொச்சி, யாழ்ப்பாணப் பக்கம் உச்சிக்கு வரும். சென்னைக்குப் போய்ச் சேர ஏப்ரல் 24 ஆகிவிடும். ஆவணியில் தெற்கே திரும்பும்போது நமக்கு மறுபடியும் ஒரு நிழலில்லா நாள் உண்டு. ஊருக்கு ஊர் மாறுகிற, வருடத்தில் இருமுறை வருகிற ஒன்றை வைத்து எவரும் புத்தாண்டு குறித்திருக்க முடியாது. (அந்த 12 நிமிடம் ஏன் என்றால், நம் கடிகாரம் 82½ பாகைக் கிழக்கு நெடுங்கோட்டுக்கு வைத்தது. கொழும்பு 80 பாகைக்கும் சற்று மேற்கே இருக்கிறது. அதிலேயே பத்து நிமிடத்துக்கு மேல் போய்விடுகிறது.)

முன்னோர் குறித்தது, நட்சத்திரங்களின் பின்னணியில் சூரியன் மேட ராசிக்குள் நுழையும் கணத்தை. சுமார் 1,700 ஆண்டுகளுக்கு முன் அந்தக் கணமும், பகலும் இரவும் சமமாகும் நாளும் ஒன்றாக இருந்தன. பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் நட்சத்திர ஆண்டு பருவ ஆண்டைவிட ஏறக்குறைய 20 நிமிடம் நீளம். எழுபது வருடத்துக்கு ஒரு நாள் விலகுகிறது. இன்றைக்கு விலகல் 24 நாள். சமநாள் மார்ச் 20 அளவிலேயே வந்து போய்விடுகிறது. தை முதல் நாளை உத்தராயணம் என்கிறோம், ஆனால் சூரியன் வடக்கே திரும்புவது மார்கழி முதல் வாரத்தில். இந்த விலகல் பழைய வாய்பாட்டில் நிற்கும் வாக்கியம், திருத்திய கணக்கான திருக்கணிதம் இரண்டிலும் உண்டு.

இனி, ‘பிழையே கிடையாது’ என்றீர்களே, அதுதான் எனக்கு மனவருத்தம். முன்னோரைப் புகழ்வதாக நினைத்து அவர்களுடைய உழைப்பையே மறைத்துவிடுகிறீர்கள். 1825இல், சென்னை வானாய்வகத்தில் முன்பு பணியாற்றிய ஜோன் வொரன் என்ற அதிகாரி, புதுச்சேரித் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டே சந்திர கிரகணம் கணித்ததைப் பதிவு செய்திருக்கிறார். தொலைநோக்கி இல்லை, எழுதிப் பார்க்கத் தாளும் இல்லை. கிரகணத் தொடக்கத்தில் அவர் கணக்கு 4 நிமிடம் பிசகியது, நடுவில் 23 நிமிடம், முடிவில் 52 நிமிடம். அந்த 4 நிமிடத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது. அந்த 52 நிமிடத்தை மறைக்க வேண்டிய அவசியமும் எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கணிதர் கையாண்ட முறைதான் வாக்கியம். 248 நாளில் சந்திரன் தன் வேக மாற்றத்தில் ஒன்பது சுற்று முடிக்கிறது என்று கண்டு, சந்திரனின் இடத்தைச் சொல்லும் எண்களை எழுத்துகளாக்கி, நாளுக்கு ஒன்றாக 248 வாக்கியங்களில் ஏற்றி வைத்தார்கள். அதைப் பாடமாக்கியவருக்குச் சந்திரனின் இடம் நாவிலேயே இருந்தது. அந்தக் கணக்கைச் சரிபார்க்கக் கிடைத்த வாய்ப்பு கிரகணம். கிரகணம் வருவது அமாவாசையிலும் பௌர்ணமியிலும். ஆகவே அந்த இரண்டையும் ஒட்டி வாக்கியம் நன்றாகவே நிற்கிறது. அட்டமியை நெருங்கும்போதுதான் திதி சில மணித்தியாலங்கள் வரை தள்ளிப்போகிறது, ஏனென்றால் சூரியனின் ஈர்ப்பால் சந்திரனுக்கு அங்கே ஏற்படும் விலகலை அந்தப் பழைய வாய்பாடு எடுத்துக்கொள்ளவில்லை. விரத நாள்கள் இரண்டு பஞ்சாங்கத்திலும் வேறு வேறு நாளில் விழுவதற்கு இது ஒரு முக்கிய காரணம்.

அப்படியானால் திருத்தியவர்கள் யார்? கேரளத்துப் பரமேசுவரர் பல பத்தாண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் பார்த்துக் குறித்து, பழைய கணக்கு வானத்தோடு ஒத்துப்போகவில்லை என்று கண்டு, 1431இல் புதிய கணிதம் வகுத்தார். வெள்ளைக்காரன் இந்தப் பக்கம் வருவதற்கு முன் நடந்தது இது. திருத்துவதும் நம் மரபுதான் ஐயா.

‘வெள்ளைக்காரனின் காலண்டர்’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. 365 நாள் வருடம் எகிப்தில் இருந்தது, மணிக்கு 60 நிமிடம் பாபிலோனியக் கணக்கு, திகதி போடும் எண்கள் இந்தியாவில் பிறந்தவை. ரோமில் பிழை தெரிந்ததும் 1582 ஒக்டோபர் 4க்கு மறுநாளை 15 என்று வைத்தார்கள். இங்கிலாந்து பிடிவாதமாக 1752 வரை ஏற்கவில்லை.

திரும்புவது பற்றிக் கேட்டீர்கள். கொழும்பு அதையும் செய்து பார்த்திருக்கிறது. 1966இலிருந்து 1971 வரை ஞாயிறு வேலைநாள், சந்திரனின் நான்கு கட்டங்களும் ‘போயா’ என்ற விடுமுறை. சந்திரனின் கால்பங்கு 7 நாளுக்குச் சற்று மேல், அதனால் சில வாரங்களுக்கு 8 நாள். கொழும்புக் கோட்டையில் வங்கி திறந்திருக்க லண்டனில் பூட்டியிருக்கும், லண்டனில் திறக்க இங்கே போயா. ஞாயிறு தேவாலயம் போகிறவர்கள் அன்று வேலைக்கும் போக வேண்டும். 1971இல் ஞாயிறு திரும்பியது, பௌர்ணமிப் போயா மட்டும் விடுமுறையாக நிலைத்தது. 1996இல் மின்வெட்டுக்காகக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி, சில மாதத்தில் அரை மணித்தியாலம் பின்னிழுத்து, 2006 வரை அப்படியே விட்டார்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி பழைய நேரத்திலேயே இருந்தது. ஓமந்தையைக் கடந்து போய்வந்தவர்கள் கைக்கடிகாரத்தைத் திருப்பித் திருப்பி வைத்தார்கள். நேரத்தைத் தனியாக மாற்றினால் யார் சிரமப்படுவார்கள் என்பதை நம் ஆட்கள் அனுபவத்தில் அறிவார்கள்.

இந்தச் சித்திரைக்கு உங்கள் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் வழக்கமோ, அந்தப் புண்ணிய காலத்தில் மருத்துநீர் வையுங்கள், கைவிசேடம் கொடுங்கள். ஆனால் பஞ்சாங்கம் வெளியிடும் பெரியவர்கள் அனைவரிடமும் இந்தப் பக்கத்தின் வழியாக ஒன்றைக் கேட்கிறோம்: எந்த ஊருக்குக் கணித்தது, வருடத்தின் நீளம் எவ்வளவு என்று எடுத்தது, சந்திரனுக்கு எந்த வாய்பாடு என்ற மூன்றையும் முதல் பக்கத்திலேயே அச்சிடுங்கள்.