பழைய பெட்ரோல் காரில் பாயின்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாமா?

போடலாம். பாயின்ட் என்பது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் (பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் பாகம்) திறந்து மூடி, காயிலின் மின்சாரத்தை வெட்டிப் பொறி உண்டாக்கும் சுவிட்ச்; கிட்டில் வரும் எலக்ட்ரானிக் மாடியூல் அதே வேலையைச் செய்யும். ஆனால் கிட் வாங்குவதற்கு முன்னால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி, ரோட்டார் உட்காரும் ஷாஃப்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் உள்ளே ஷாஃப்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. அப்படி ஆடும் ஷாஃப்டில் பாயின்ட் இடைவெளி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒவ்வொரு அளவாக மாறும், டைமிங்கும் (பிளக்கில் பொறி விழும் நேரம்) கூடவே அலையும். எலக்ட்ரானிக் மாடியூல் இந்த ஆட்டத்தைப் பாயின்டைவிடக் கொஞ்சம் தாங்கிக்கொள்ளுமே தவிர, சரிசெய்யாது.

அப்புறம் அட்வான்ஸ், அதாவது எஞ்சின் வேகம் கூடும்போது பொறியை முன்கூட்டியே விழ வைக்கும் அமைப்பு. என் காரில் மாடியூல் போட்ட பிறகும் வேகமெடுக்கும்போது இழுவை வரவே இல்லை, காயில், பிளக், வயர் என்று எல்லாவற்றையும் மாற்றிப் பார்த்துவிட்டு கடைசியில் பேஸ் பிளேட்டைத் தூக்கினால், பழைய கிரீஸ் காய்ந்துபோய் அட்வான்ஸ் எடைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு நின்றன. சுத்தம் செய்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டதும் அதே மாடியூலில் வண்டி நன்றாக இழுத்தது. இதைச் சோதிக்க ஒரு நிமிடம்கூட ஆகாது: ரோட்டாரை அது சுற்றும் திசையில் கையால் திருப்பி விடுங்கள், ஸ்பிரிங் இழுத்து அது தானாகத் திரும்பி வர வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டருக்கு வரும் வேக்குவம் குழாயை வாயால் உறிஞ்சினால் பிளேட் நகர்ந்து அங்கேயே நிற்க வேண்டும், நிற்காவிட்டால் அதன் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கும்.

பாயின்டிலேயே தொடர்வதும் தப்பில்லை. ஷாஃப்டில் பாயின்டைத் திறக்கும் மேடுகள்தான் கேம்; கேமில் உரசும் பாயின்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறையும், டைமிங் பின்தங்கும், அதனால் எப்போதும் முதலில் இடைவெளி, பிறகுதான் டைமிங். பல நான்கு சிலிண்டர் எஞ்சின்களில் இடைவெளி 0.4 மி.மீ. அளவில் இருக்கும், உங்கள் வண்டியின் மேனுவலில் உள்ளதை வையுங்கள். கேமில் மெல்லிய பூச்சாகக் கிரீஸ், அதிகம் வேண்டாம், பாயின்டில் தெறித்தால் கருகும். புது பாயின்ட் சீக்கிரமே குழி விழுந்தால் பாயின்டில் தீப்பொறியை அடக்கும் கண்டன்சரைச் சந்தேகப்படுங்கள்.

மாற்றத்தான் போகிறீர்கள் என்றால் காயிலின் ஓம் அளவு மாடியூலுக்குப் பொருந்துகிறதா என்று அளந்து பாருங்கள். காயிலுக்குப் போகும் மின்சாரத்தைக் குறைக்கும் பேலஸ்ட் ரெசிஸ்டர் இருந்தால் அதை வைப்பதா எடுப்பதா என்பதும் அந்த மாடியூலைப் பொறுத்ததுதான். பாசிட்டிவ் எர்த் வண்டி (பேட்டரியின் பாசிட்டிவ் முனை பாடியோடு இணைந்தது) என்றால் அதற்கான மாடியூலையே கேட்டு வாங்க வேண்டும், துருவம் மாற்றிக் கொடுத்தால் உடனே போய்விடும். எஞ்சின் ஓடாமல் இக்னிஷனை நீண்ட நேரம் ஆன் செய்து வைக்காதீர்கள், காயில் சுடும். போட்டு முடித்ததும் டைமிங் லைட் வைத்து மறுபடி செட் செய்ய வேண்டும்.

கழற்றிய பாயின்டையும் கண்டன்சரையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாயின்ட் பெரும்பாலும் முன்கூட்டியே தடுமாறிக் காட்டும், மாடியூல் நடுவழியில் சொல்லாமல் நின்றுவிடும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜோடு சேர்த்து அவற்றை டூல் பெட்டியிலேயே வைத்திருங்கள்.