கான் விருதுப் பட்டியலும் காது கொடுக்கும் படிப்பும்

அன்புள்ள அம்மா,

பிளஸ் டூவுக்குப் பிறகு மகளை என்ன படிக்க வைப்பது என்ற உங்கள் கவலை புரிகிறது. ஆனாலும் ஒன்றை நேராகவே சொல்கிறேன். கொழுந்தனார் சொல்கிறார் என்று மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்க நகையை அடகு வைக்காதீர்கள். மனம் ஒட்டாத பெண்ணை நான்கு வருடம் அங்கே உட்கார வைத்தால் அரியரும் சேரும், வட்டியும் ஏறும்.

பிரான்ஸில் நடக்கும் கான் திரைப்பட விழாவின் பரிசுப் பட்டியலை அவள் நோட்டில் எழுதி வைத்திருப்பதை வேண்டாத வேலை என்கிறீர்கள். வாங்கிப் படித்துப் பாருங்கள். 1946-ல் அங்கே பெரும் பரிசைப் பகிர்ந்துகொண்ட படங்களில் நம் நாட்டு 'நீச்சா நகர்' ஒன்று. இப்போது அங்கே முதல் பரிசாக இருக்கும் தங்கப் பனை விருது 1955-ல் வந்தது. அதை ஒரு பெண் இயக்குநர் வாங்க 1993 வரை ஆனது. 2024-ல் அதற்கு அடுத்த கிராண்ட் பிரி விருதை வாங்கிய பாயல் கபாடியா, புனே அரசு திரைப்படக் கல்லூரியில் படித்தவர். அதே வருடம் மாணவர் படங்களுக்கான பிரிவில் முதல் பரிசு வாங்கிய சிதானந்த நாயக், எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டு அதே கல்லூரிக்குப் போனவர்.

சரி, அதற்காக டைரக்‌ஷன் டிப்ளமோ என்று லட்சக்கணக்கில் கேட்கும் தனியார் அகாடமிக்கும் போக வேண்டாம். கிரைண்டர் ஓடும் சத்தம், கோயில் மணி, மழை என்று எதையாவது போனில் பதிவு செய்து திரும்பத் திரும்பக் கேட்கிறாள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காதுக்கென்றே ஒலிப்பதிவு என்று ஒரு படிப்பு இருக்கிறது.

2023-ல் கிராண்ட் பிரி வாங்கிய 'த ஸோன் ஆஃப் இன்ட்ரஸ்ட்' படத்தில் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்த ஆஷ்விட்ஸ் முகாமின் மதிலை ஒட்டி ஒரு குடும்பம் வாழ்கிறது. உள்ளே நடக்கும் கொடுமை கண்ணில் படாது, காதில் மட்டும் விழும். அந்த ஒலியை வடிவமைத்த ஜானி பர்னுக்குக் கானிலேயே தொழில்நுட்பக் கலைஞருக்கான பரிசு தனியாகக் கிடைத்தது. அடுத்த வருடம் சக கலைஞரோடு ஆஸ்கரும் வாங்கினார்.

சென்னை தரமணி எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியில் ஒலிப்பதிவு நான்கு வருடப் பட்டப்படிப்பு. பிளஸ் டூ முடித்ததும் சேரலாம், அரசுக் கட்டணம்தான். எந்த மைக்கை எங்கே வைப்பது, ஸ்பாட்டில் வசனத்தைச் சுத்தமாக எடுப்பது, டப்பிங், காலடிச் சத்தத்தையும் துணி உரசலையும் ஸ்டுடியோவில் தனியாக உண்டாக்கிச் சேர்க்கும் ஃபோலி, கடைசியில் எல்லாவற்றையும் அளந்து கலக்கும் மிக்ஸிங் என இந்தத் தொழிலில் வேலைகள் பல. சினிமா கைகொடுக்காத மாதத்தில் சீரியல், விளம்பரம், ஓடிடி, ஆடியோ புத்தகம் என்று கையில் வேலை இருக்கும்.

சீட்டுகள் குறைவு. படித்து வந்ததும் முதல் சில வருடம் உதவியாளர் சம்பளம்தான், அதுவும் மாதாமாதம் வராது. இரண்டையும் அவளிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறமும் வேண்டும் என்றால், அறிவிப்பு வந்ததும் விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும்.