ஜெர்மன் மொழியில் நோக்கத்தைச் சொல்வது எப்படி? கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அம்மா. நான் செவிலியர், ஜெர்மனியில் பணிக்குச் செல்வதற்காக பி1 (மொழித்திறனில் இடைநிலை) நிலை படித்துக்கொண்டிருக்கிறேன். 'உம் … ட்சு' என்று எப்போது எழுத வேண்டும், 'டாமிட்' என்று எப்போது எழுத வேண்டும் என்பதில் குழப்பம் தீரவில்லை.

பதில்: ஒரு செயலை எதற்காகச் செய்கிறோம் என்று சொல்லும்போது, முதன்மை வாக்கியத்தில் செயலைச் செய்பவரும் நோக்கத்தை நிறைவேற்றுபவரும் ஒருவரேயானால் 'உம் … ட்சு' வரும், இருவர் வெவ்வேறானால் 'டாமிட்' வரும். 'இஷ் லெர்ன டொய்ச், உம் இன் டொய்ச்லான்ட் ட்சு ஆர்பைட்டன்' (ஜெர்மனியில் வேலை செய்ய ஜெர்மன் படிக்கிறேன்) என்பதில் படிப்பவரும் வேலை செய்யப்போகிறவரும் நீங்களே. ஆகவே இரண்டாம் பகுதியில் எழுவாயே கிடையாது. வினையும் திரிபடையாமல் 'ட்சு'வுக்குப் பின் கடைசியில் நிற்கிறது.

தமிழர்கள் தடுமாறும் இடம் அடுத்தது. 'மாத்திரை விழுங்க நோயாளிக்குத் தண்ணீர் கொடுக்கிறேன்' என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். விழுங்குபவர் நோயாளி என்பது கேட்பவருக்குத் தானே விளங்கிவிடுகிறது. நம் 'செய' என்னும் வினையெச்சம் வேறு எழுவாயை எளிதில் ஏற்கும். அதே அமைப்பை ஜெர்மனுக்குக் கொண்டுபோய் 'உம் டீ டாப்லெட்ட ட்சு ஷ்லுக்கன்' என்று எழுதினால், மாத்திரையை நீங்களே விழுங்கப்போவதாகப் பொருள்படும். 'இஷ் கேப டேம் பட்சியென்டன் வாஸர், டாமிட் ஏர் டீ டாப்லெட்ட ஷ்லுக்கன் கான்' என்பதே சரி. 'டாமிட்' தொடரில் எழுவாய் (ஏர்) வெளிப்படையாக வரும். அதற்கேற்பத் திரிந்த வினை (கான்) இறுதியில் நிற்கும். எனவே எழுதத் தொடங்கும் முன் 'இதைச் செய்யப்போவது யார்?' என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள்.

எழுவாய் ஒன்றாக இருக்கும்போது 'டாமிட்' எழுதினால் அது இலக்கணப் பிழையாகாது. ஆனாலும் அங்கே 'உம் … ட்சு'தான் செறிவாக இருக்கும்.

கேள்வி: அப்படியானால் 'ஏர் ஷிக்ட மிஷ் இன் டீ ஷ்டாட், உம் ப்ரோட் ட்சு ஹோலன்' (ரொட்டி வாங்கிவர அவர் என்னை நகரத்திற்கு அனுப்பினார்) என்று வாசித்தேனே? வாங்குபவன் நான் அல்லவா?

பதில்: கூர்மையாகக் கவனித்திருக்கிறீர்கள். 'ஷிக்கன்' (அனுப்புதல்) போன்ற வினைகளில், அனுப்பப்படுபவரே செயலைச் செய்வார் என்பது வினையின் பொருளிலேயே அடங்கியிருப்பதால் இந்த அமைப்பு வழக்கில் உண்டு. வாசிக்கும்போது வியப்படைய வேண்டாம். தேர்வில் எழுதும்போது மட்டும் முன் சொன்ன விதியைக் கைவிடாதீர்கள்.

கேள்வி: 'முயற்சி செய்கிறேன்', 'நம்புகிறேன்' ஆகியவற்றோடும் 'உம்' சேர்க்கலாமா?

பதில்: கூடாது. 'ஃபெர்சூஹன்' (முயலுதல்), 'ஹொஃபன்' (நம்பியிருத்தல்), 'பெகினன்' (தொடங்குதல்) ஆகியவற்றுக்குப் பின் 'ட்சு' மட்டுமே வரும், ஏனெனில் அங்கே வரும் தொடர் 'எதை முயல்கிறாய்?' என்பதற்கு விடையே தவிர 'எதற்காக?' என்பதற்கு விடையன்று. 'வோட்சு?' (எதற்காக?) என்ற கேள்விக்கு விடையாக நிற்கும் தொடருக்கே 'உம்' பொருந்தும்.

கேள்வி: 'வேலை செய்ய விரும்புவதால்' என்பதை 'உம்' தொடராக மாற்றும்போது 'வொலன்' (விரும்புதல்) என்ன ஆகும்?

பதில்: மறைந்துவிடும்; விருப்பம் என்பது நோக்கத்திலேயே அடங்கிவிட்டது. ஆனால் 'க்யோனன்' (இயலுதல்) தங்கும்: 'உம் இன் டொய்ச்லான்ட் ஆர்பைட்டன் ட்சு க்யோனன்', அதாவது வேலை செய்ய இயலும்படி. இங்கே 'ட்சு' இரு வினைகளுக்கும் நடுவில் நிற்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: 'அன்ரூஃபன்' (தொலைபேசியில் அழைத்தல்) போன்ற பிரியும் வினைகளில் 'ட்சு' எங்கே வரும்? காற்புள்ளி கட்டாயமா?

பதில்: முன்னொட்டுக்கும் வினைக்கும் இடையே, ஒரே சொல்லாக: 'அன்ட்சுரூஃபன்'. காற்புள்ளி கட்டாயமே. 1996ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் அதை எழுதுபவரின் விருப்பத்துக்கு விட்டிருந்தது. 2006ஆம் ஆண்டுத் திருத்தம் 'உம்' தொடருக்கு அதை மீண்டும் கட்டாயமாக்கியது. பழைய பயிற்சிநூல்களில் காற்புள்ளி இல்லாமல் காண்பதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி: 'கடைக்குப் பொருள் வாங்கப் போகிறேன்' என்பதற்கும் 'உம்' வேண்டுமா?

பதில்: வேண்டாம். 'கேயன்' (போதல்) என்ற வினையோடு 'இஷ் கேய ஐன்கௌஃபன்' என்று 'ட்சு'கூட இல்லாமல் சொல்வதே இயல்பு. அதுபோல 'வாசிக்க எனக்குக் கண்ணாடி வேண்டும்' போன்ற சிறு நோக்கங்களுக்கு வினையைப் பெயராக்கி, 'ட்சும் லேசன் ப்ராஉஹ இஷ் ஐன ப்ரில' என்று சொல்வார்கள். எழுத்தில் 'லேசன்' என்பதன் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும்.

கேள்வி: 'உம் … ட்சு' வந்தாலே அது நோக்கம்தானா?

பதில்: இல்லை. 'ஏர் இஸ்ட் ட்சு யுங், உம் ஔட்டோ ட்சு ஃபாரன்' என்றால், கார் ஓட்டும் வயது அவனுக்கு இன்னும் வரவில்லை என்று பொருள். இங்கே முதல் 'ட்சு' அளவுமீறலைக் குறிக்கிறது. கதைகளிலும் செய்திகளிலும் 'நூர் உம்' என்று தொடங்கும் தொடரும் பெரும்பாலும் அடுத்து நடந்ததையே சொல்லும்: ஒருவர் வீட்டுக்கு வந்தார், 'நூர் உம் ஃபெஸ்ட்சுஷ்டெலன்', வந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்தது. அதைக் காண்பதற்காக அவர் வரவில்லை. ஆகவே வாசிக்கும்போதும் 'வோட்சு?' என்று கேட்டுப் பாருங்கள். விடை பொருந்தவில்லையென்றால் அதை நோக்கமாகக் கொள்ளாதீர்கள்.